இனோகியின் ஆறு நாட்கள்: டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க மல்யுத்தக் காட்சி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சாம்பியன் பட்டங்களின் வரலாற்றைப் பதிந்து பராமரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு பழைய ரசிகன் எழுதுகிறேன். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன எங்களில் பலர் உங்கள் மல்யுத்த வீரர்களை டிவியில் பார்ப்பதற்கு முன்பே சீட்டுக்கட்டில் பார்த்துவிட்டோம். உங்கள் அன்றைய பெயரைச் சொல்லி ‘டபிள்யூ டபிள்யூ எஃப் சீட்டு’ என்று கேட்டாலே கடைக்காரருக்குப் புரிந்துவிடும். ஒரு பக்கம் வீரரின் படம். கூடவே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று வரிசையாக எண்கள். ஒருவன் உயரம் என்பான், ஒருவன் எடை என்பான். யார் கையில் பெரிய எண்ணோ அவனுக்கு எதிராளியின் சீட்டு போய்விடும். ஏதாவது தகராறு வந்தால் சீட்டில் அச்சாகியிருப்பதுதான் தீர்ப்பு. அழுதாலும் அதை மாற்ற முடியாது.

அப்படி வளர்ந்ததாலோ என்னவோ, உங்கள் பட்டியல்களை நான் இன்றும் வரி வரியாகப் படிக்கிறேன். யார், எந்தத் தேதியில், எந்த ஊரில், யாரை வென்று சாம்பியன் ஆனார் என்கிற பட்டியல்கள். அதில் ஒரு வரி இல்லாதது பல வருடங்களாக எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

1979 நவம்பர் 30. ஜப்பானின் ஷிகோகு தீவில் இருக்கும் டோகுஷிமா நகரம். உங்கள் நிறுவனம் டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற தன் பெயரிலிருந்து ஒரு டபிள்யூவை எடுத்துவிட்டு டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஆன அதே வருடம். அப்போதைய சாம்பியன் பாப் பேக்லண்ட், 1978 பிப்ரவரி 20 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமை வென்றதிலிருந்து பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர். அன்று டோகுஷிமாவில் அவரை வென்று பெல்ட்டை வாங்கினார் அன்டோனியோ இனோகி.

ஆறு நாள் கழித்து, டிசம்பர் 6 அன்று டோக்கியோவில் இருவரும் மறுபடி மோதினார்கள். பேக்லண்ட் வென்றார். ஆனால் நடுவில் டைகர் ஜீத் சிங் புகுந்து குழப்பிவிட்டார். (பஞ்சாபில் பிறந்து, கனடாவில் குடியேறி, ஜப்பானில் பெரும்புகழ் பெற்றவர். இந்தக் கதையில் இந்திய வேர் உள்ள ஒருவரும் இருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.) அந்தக் குறுக்கீட்டைக் காட்டி, போட்டி செல்லாது, பட்டம் இனோகிக்கே என்று அறிவித்தவர் ஹிசாஷி ஷின்மா. அவர் இனோகியின் மல்யுத்த நிறுவனமான நியூ ஜப்பானின் நிர்வாகி மட்டுமல்லாமல், அப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பின் தலைவர் பொறுப்பிலும் இருந்தார். அப்படிக் கிடைக்கும் பட்டம் வேண்டாம் என்று இனோகி மறுத்தார். பட்டம் காலியானது. டிசம்பர் 17 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாபி டங்கமை வென்று பேக்லண்ட் மறுபடி சாம்பியன் ஆனார்.

உங்கள் பட்டியலில் இதில் எதுவுமே இல்லை. 1978 பிப்ரவரி 20 முதல் 1983 டிசம்பர் 26 வரை பேக்லண்ட் இடைவெளி இல்லாமல் 2,135 நாள் சாம்பியனாக இருந்தார் என்றுதான் இருக்கிறது. அந்த டிசம்பர் இரவில் அயர்ன் ஷேக்கின் பிடியில் அவர் மாட்டிக்கொண்டு கிடக்க, மேலாளர் ஆர்னால்ட் ஸ்காலண்ட் துண்டை ரிங்குக்குள் வீசி ஆட்டத்தை முடித்தார். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு கனத்துவிடும். பேக்லண்ட் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது, அவர் பெருமையைக் குறைக்கவும் இதை எழுதவில்லை.

1979ஆம் வருடத்தின் இன்னும் இரண்டு தேதிகளை உங்கள் முன் வைக்கிறேன். இனோகியின் கதையை இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒன்று, அக்டோபர் 31. நகோயா நகரில் ஜயன்ட் பாபா, ஹார்லி ரேஸை வென்று, என்.டபிள்யூ.ஏ. என்ற மல்யுத்தக் கூட்டமைப்பின் உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தார். நவம்பர் 7 அன்று அமகசாகியில் அதே ரேஸிடம் திருப்பிக் கொடுத்தார். ஒரே வாரம்! பாபாவும் இனோகியும் ஜப்பானிய மல்யுத்த முன்னோடி ரிகிடோசனின் பட்டறையில் ஒன்றாகத் தயாரானவர்கள். 1960 செப்டம்பர் 30 அன்று, ஒரே நாளில் அறிமுகமானவர்கள். 1972இல் இனோகி நியூ ஜப்பான் தொடங்க, அதே வருடம் பாபா ஆல் ஜப்பான் தொடங்க, அங்கிருந்து இருவருக்கும் வாழ்நாள் போட்டி. ஒருவர் என்.டபிள்யூ.ஏ.வோடு உறவு வைத்தார், மற்றவர் உங்களோடு. பாபா 1974இல் ஜாக் பிரிஸ்கோவிடமிருந்து முதல் முறையும், அப்புறம் 1979, 1980 என்றும் மூன்று தடவை என்.டபிள்யூ.ஏ. பட்டத்தை வென்றார். மூன்றும் சில நாட்களே நீடித்தவை. மூன்றுமே என்.டபிள்யூ.ஏ. வரலாற்றில் அவர் பெயரோடு இருக்கின்றன. பாபாவின் அந்த நகோயா வெற்றிக்குச் சரியாக முப்பது நாள் கழித்து டோகுஷிமாவில் இனோகி வென்றார். ஒரே ஆசான், ஒரே நாள் அறிமுகம், ஒரு மாத இடைவெளியில் இரண்டு உலகப் பட்டங்கள். ஒருவர் பெயர் இருக்கிறது, இன்னொருவர் பெயர் இல்லை.

இன்னொன்று, செப்டம்பர். உங்கள் இன்டர்கான்டினென்டல் பட்டம் பிறந்த மாதம். வட அமெரிக்கப் பட்டத்தை வைத்திருந்த பேட் பேட்டர்சன், ரியோ டி ஜெனிரோவில் நடந்த ஒரு தொடர்போட்டியில் தென் அமெரிக்கப் பட்டத்தையும் வென்றார், இரண்டும் சேர்ந்து இன்டர்கான்டினென்டல் ஆனது என்பது நீங்கள் சொல்லும் வரலாறு. அந்த ரியோ போட்டி நடக்கவே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ரியோ உங்களுக்கு முதல் முறையும் இல்லை. 1963 ஜனவரி 24 அன்று டொரொன்டோவில் லூ தெஸ்ஸிடம் பட்டி ராஜர்ஸ் என்.டபிள்யூ.ஏ. பட்டத்தை இழந்தபோது, ஒரே ஃபாலில், அதாவது ஒரே ஒரு வீழ்த்தலில், முடிந்த போட்டியை ஏற்க முடியாது என்று அமெரிக்காவின் வடகிழக்கு புரொமோட்டர்கள் விலகி, பின்னாளில் உங்கள் நிறுவனமான புது அமைப்பைத் தொடங்கினார்கள். ராஜர்ஸ் ரியோவில் ஒரு தொடர்போட்டியை வென்றுவிட்டார் என்று அறிவித்து அவரையே முதல் சாம்பியன் ஆக்கினார்கள். அந்த மே 17 அன்று புரூனோ சம்மார்ட்டினோ அவரை 48 நொடியில் வீழ்த்தியதும், அதன் பிறகு 2,803 நாள் சாம்பியனாக இருந்ததும் ரிங்குக்குள் நிஜமாக நிகழ்ந்தவை.

ரியோவை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு பட்டத்துக்கு ஒரு பிறப்புக் கதை வேண்டும், ரெஸ்லிங் உலகில் அது வழக்கம். பேட்டர்சன் தன் உழைப்பால் அந்த பெல்ட்டுக்கு மதிப்புத் தேடிக் கொடுத்தவர். ரியோ உங்கள் பட்டியலில் இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. என் வருத்தம் எல்லாம், யாரும் பார்க்காத ரியோவுக்கு இடம் இருக்கிற ஏட்டில், மூன்று மாதம் கழித்து அரங்கம் நிறைய ஆட்கள் கண்ணால் பார்த்த டோகுஷிமாவுக்கு இடம் இல்லையே என்பதுதான்.

ரெஸ்லிங்கில் போட்டியின் முடிவு முன்கூட்டியே பேசிவைக்கப்படுவது எங்களுக்கு நன்றாகத் தெரியும். “அப்படியிருக்க இந்தப் பட்டியல் மேல் ஏன் இவ்வளவு அக்கறை?” என்று என் வீட்டிலேயே கேட்பார்கள். பேசிவைத்த முடிவு என்பதால்தான் இவ்வளவு அக்கறை. ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் ஓடிய நேரத்தை யாரும் குறித்து வைக்காவிட்டாலும் அவர் அந்த வேகத்தில் ஓடினார் என்பது மாறாது. ரெஸ்லிங்கில் வெற்றி ஒரு வாக்குறுதி மாதிரி. நிறுவனம் முடிவு செய்கிறது, இரண்டு பேர் உடம்பைக் கொடுத்து நிகழ்த்துகிறார்கள், நடுவர் மூன்று எண்ணுகிறார், டிக்கெட் வாங்கி வந்தவர்கள் எழுந்து நின்று கத்துகிறார்கள். எல்லாம் முடிந்து விளக்கை அணைத்த பிறகு மிஞ்சுவது பதிவு ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் அந்த இரவே நடக்காதது போல் ஆகிவிடுகிறது.

1979இல் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. அன்றைக்கு உங்கள் நிறுவனம் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இயங்கிய ஒரு வட்டாரக் கம்பெனி. நியூயார்க் ரசிகர் டோகுஷிமாவில் நடந்ததைப் பார்க்க வழி கிடையாது. மேடிசன் ஸ்கொயர் கார்டனின் மாதாந்திரக் காட்சிக்கு பேக்லண்ட் சாம்பியனாகவே வந்து நிற்க வேண்டியிருந்தது. பார்க்காத ஒன்றை விளக்கி ரசிகர்களைக் குழப்புவானேன் என்று விட்டிருப்பார்கள். இன்று அந்த நிலைமை இல்லை. சென்னையில் உட்கார்ந்து டோக்கியோ போட்டியை நேரலையில் பார்க்கிறோம்.

சரி, அந்த வரியைச் சேர்க்காததற்கு இன்று என்ன காரணம் சொல்ல முடியும்? நான் யோசித்துப் பார்த்த ஒவ்வொரு காரணத்துக்கும் உங்கள் பட்டியலே எதிர்சாட்சி சொல்கிறது.

ஜப்பானில், வேறொரு நிறுவனத்தின் மேடையில் நடந்தது என்றால், 1994 நவம்பர் 20 அன்று டோக்கியோ டோமில் அலுந்த்ரா பிளேஸை வென்று புல் நகானோ உங்கள் பெண்கள் பட்டத்தைப் பிடித்தார். அதுவும் ஜப்பானிய நிறுவனம் நடத்திய நிகழ்ச்சிதான். அது பட்டியலில் இருக்கிறது. ஆறு நாள் ரொம்பக் குறைவு என்றால், 1988 பிப்ரவரி 5 அன்று ஹல்க் ஹோகனை வென்ற ஆந்த்ரே இரண்டு நிமிடம்கூட பெல்ட்டை வைத்திருக்கவில்லை, அதுவும் இருக்கிறது. 1993இல் உங்கள் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் பிரெட் ஹார்ட்டை வென்ற யோகோசுனா அடுத்த சில நிமிடங்களில் ஹோகனிடம் தோற்றார், அதுவும் இருக்கிறது. முடிவில் சர்ச்சை இருந்தது என்றால், 1997 நவம்பர் 9, மான்ட்ரியல். பிரெட் ஹார்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலேயே மணி அடித்து ஷான் மைக்கேல்ஸிடம் பெல்ட்டைக் கொடுத்த இரவு. அதைவிடச் சர்ச்சையான முடிவு எதுவும் கிடையாது. அதுவும் இருக்கிறது.

யோகோசுனா பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் அவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஜப்பான்காரர் ஒருவர் உலக சாம்பியன் என்று நம்பிக்கொண்டிருந்தோம். அவர் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமோவா வம்சத்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. நிஜமாகவே ஜப்பானில் பிறந்து, ஜப்பானில் வைத்து அந்தப் பட்டத்தை வென்றவரின் பெயர் பட்டியலில் இல்லை என்பது அதற்கும் பிறகு தெரிந்தது.

அடுத்து, வேறு நிறுவனம் என்ற பேச்சு. 2001இல் உங்கள் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வை வாங்கியபோது அதன் யுனைடெட் ஸ்டேட்ஸ் பட்டமும் உங்களிடம் வந்தது. 1975 ஜனவரி 1 அன்று ஹார்லி ரேஸ் வென்றதிலிருந்து அந்தப் பட்டத்தின் முழு வரலாற்றையும் நீங்கள் உங்கள் வரலாறாக ஏற்றுக்கொண்டீர்கள். நல்ல காரியம். உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஊர்களில், உங்களிடம் வேலை செய்யாத வீரர்கள் வென்றதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். உங்கள் சொந்தப் பட்டம், உங்கள் சொந்த சாம்பியன், உங்கள் கூட்டாளி நிறுவனத்தின் மேடை, உங்கள் அமைப்பின் தலைவரே பொறுப்பில் இருந்த நேரம். இதை மட்டும் விட்டுவிடலாமா?

பெண்கள் பட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். ஃபாபுலஸ் மூலா 1956இல் பால்டிமோரில் ஜூடி கிரேபிளை வென்றதிலிருந்து, 1984 ஜூலை 23 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வெண்டி ரிக்டரிடம் தோற்கும் வரை, தொடர்ந்து 28 வருடம் சாம்பியன் என்று உங்கள் ஏடு சொல்கிறது. அந்த 28 வருடத்துக்குள் நான்கு பெண்கள் அவரிடமிருந்து பட்டத்தை வென்றிருக்கிறார்கள். 1966இல் பெட்டி பௌச்சர். 1968இல் ஜப்பானில் யுகிகோ டோமோயே. 1976இல் சூ கிரீன். 1978இல் ஈவ்லின் ஸ்டீவன்ஸ். ஒவ்வொரு முறையும் மூலா சீக்கிரமே திரும்ப வென்றுவிட்டார். பட்டம் அப்போது உங்களிடம் இல்லை, 1980களில்தான் மூலாவிடமிருந்து உரிமையை வாங்கினீர்கள். ‘28 வருடம்’ என்பது விளம்பரத்துக்கு அழகான எண்தான். அந்த எண்ணுக்காக நான்கு பெண்களின் வாழ்நாள் வெற்றி காணாமல் போயிருக்கிறது. இனோகிக்காவது ஆயிரம் புகழ் உண்டு. இந்த நால்வருக்கும் இதுதான் உச்சம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உங்கள் பட்டியலைத் திறந்து பார்த்தால் பாட்டி பெயர் கிடைக்காது. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபமும் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

அதே பட்டத்தில் 1985 நவம்பர் 25ஐப் பாருங்கள். முகமூடி போட்ட ‘ஸ்பைடர் லேடி’யாக வந்து மூலா ரிக்டரை வீழ்த்தியதாகக் காட்டப்பட்ட போட்டி. ரிக்டர் தோளைத் தூக்கிய பிறகும் நடுவர் எண்ணி முடித்தார். முடிவு இதுதான் என்று ரிக்டருக்கு யாரும் சொல்லவில்லை. தோற்றவருக்கே தெரியாமல் நடந்த பட்ட மாற்றம் பதிவில் இருக்கிறது. இரு தரப்பும் அறிந்து, ஒப்புக்கொண்டு, ரிங்குக்குள் முறையாக நடந்த நான்கு பட்ட மாற்றங்கள் இல்லை.

உங்கள் தரப்பில் ஒரு சங்கடம் இருப்பதும் எனக்குத் தெரியும். இப்போது உங்கள் ஒளிபரப்பில் நாள் கணக்குக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. ரோமன் ரெயின்ஸின் 1,316 நாளையும், இன்டர்கான்டினென்டல் பட்டத்தில் குந்தரின் 666 நாளையும் நாங்களும் உங்களோடு சேர்ந்து எண்ணிக்கொண்டு வந்தோம். இனோகியைச் சேர்த்தால் பேக்லண்டின் 2,135 நாள் இரண்டாக உடையும். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1978 பிப்ரவரி 20 முதல் 1979 நவம்பர் 30 வரை 648 நாள். 1979 டிசம்பர் 17 முதல் 1983 டிசம்பர் 26 வரை 1,470 நாள். ஹோகனின் முதல் ஆட்சி 1,474 நாள். நான்கே நாள் வித்தியாசத்தில் பேக்லண்ட் ஹோகனுக்குப் பின்னால் போவார். இரண்டாம் இடம் மூன்றாம் இடம் ஆகும். இத்தனை வருடம் சொல்லிவந்த ஒரு எண்ணை மாற்றுவது சுலபமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு நாள் வித்தியாசத்தில் நிற்கும் அந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உண்மைக் கணக்கில் இப்படி ஒரு சுவாரசியம் ஒளிந்திருக்கிறது, அதை ரசிகர்களுக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள்.

இனோகி யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவின் புடோகானில் முகமது அலியோடு 15 சுற்று மோதியவர். அதே வருட டிசம்பரில் கராச்சிக்குப் போய், காமா பயில்வான் குடும்பத்து அக்ரமோடு மோதியவர். 1989இல் ஜப்பான் நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்வாகி, 1990இல் இராக்கில் பிடித்து வைக்கப்பட்டிருந்த ஜப்பானியர்களை விடுவிக்க பாக்தாதுக்குப் போனவர். 1995இல் பியோங்யாங்கில் ரிக் ஃபிளேரோடு ரிங்கில் நின்றவர். 2010இல் நீங்களே அவரை உங்கள் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அழைத்து கௌரவித்தீர்கள். 2022 அக்டோபர் 1 அன்று அவர் காலமானார். வாசலில் மாலை போட்டு வரவேற்ற ஒருவரின் பெயர் உள்ளே இருக்கும் ஏட்டில் இல்லை.

நீங்கள் ரசிகர்களின் குரலுக்குச் செவிகொடுக்கிறவர்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். 2018 ரெஸில்மேனியாவில் பலர் ஒரே நேரத்தில் மோதும் பெண்களின் பேட்டில் ராயல் போட்டிக்கு மூலாவின் பெயரை வைப்பதாக அறிவித்தீர்கள். தன்னிடம் பயிற்சி பெற்ற பெண்களை அவர் நடத்திய விதம் குறித்த குற்றச்சாட்டுகளை முன்வைத்து ரசிகர்கள் எதிர்த்தார்கள். சில நாட்களிலேயே பெயரை மாற்றினீர்கள். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் பட்டத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில், பேக்லண்டுக்கு அடுத்து ஒரு வரி: அன்டோனியோ இனோகி, 1979 நவம்பர் 30, டோகுஷிமா, ஜப்பான். அதன் கீழே டிசம்பர் 6 போட்டி பற்றியும் டிசம்பர் 17 வரை பட்டம் காலியாக இருந்தது பற்றியும் ஒரு குறிப்பு. பேக்லண்டின் இரண்டாவது ஆட்சி ஒரு தனி வரியாக. பெண்கள் பட்டத்தில் பெட்டி பௌச்சர், யுகிகோ டோமோயே, சூ கிரீன், ஈவ்லின் ஸ்டீவன்ஸ் ஆகியோருக்கு ஆளுக்கு ஒரு வரி. ரியோவை நீக்க வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

டோகுஷிமா அரங்கில் அன்று அப்பாவோடு போய் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையன் இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். இனோகி பெல்ட்டை வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்று அவர் தன் பிள்ளைகளிடம் சொன்னால், அவர்கள் போனை எடுத்து உங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, “அப்படி எதுவும் இல்லையே, அப்பா” என்பார்கள். அவருக்காகவும்தான் கேட்கிறேன்.

பணிவன்புடன்,
சீட்டு விளையாடி உங்களை அறிந்த ஒரு ரசிகன்